ஒரே சிலேட்டில் எழுதிக் காட்டும் சேவை: ஜிஆர்பி.ஹெச் மதிப்புரை

மூன்று மாதமாக என் ரிப்போர்ட் ‘எல்லாம் சரி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து புழங்கும் சர்வரில் ஒரு டைரக்டரிகூடத் தவறான குரூப்பில் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? நான் நம்பினேன். எழுதியவன் நானாயிற்றே.

கருவி சின்னதுதான், சி மொழியில் எழுதியது. ஒவ்வொரு டைரக்டரியாகப் போய், அது எந்த குரூப்புக்குச் சொந்தம், அதன் மேல் டைரக்டரி எந்த குரூப்புக்குச் சொந்தம் என்று பார்க்கும். இரண்டும் வேறாக இருந்தால் ஒரு வரி அச்சிடும். கோப்பின் விவரங்களைச் சொல்லும் ஸ்டாட் ஃபங்ஷன் குரூப்புக்குக் கொடுப்பது வெறும் எண். ஆனால் ரிப்போர்ட்டைப் படிப்பவருக்கு 1042 என்றால் என்ன புரியும்? பெயர் வேண்டும். எண்ணைக் கொடுத்தால் பெயரைத் தர லினக்ஸில் ஆயத்தமாகவே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது: கெட்ஜிஆர்ஜிஐடி. ஜிஆர்பி.ஹெச் என்ற ஹெடர் கோப்பு அறிவிக்கும் குடும்பத்தில் ஒருவர்; நான் மதிப்பிடுவது அந்தக் குடும்பத்தைத்தான். முதல் எண்ணுக்கு ஒரு முறை கூப்பிட்டு, வந்த பாயிண்டரை, அதாவது பதில் இருக்கும் இடத்தின் முகவரியை, ஒரு வேரியபிளில் வைத்தேன். இரண்டாவது எண்ணுக்குக் கூப்பிட்டு இன்னொரு வேரியபிளில் வைத்தேன். அப்புறம் இரண்டு பெயரையும் ஸ்டர்கம்ப் போட்டு ஒப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் பூஜ்யம். அதாவது, சமம்.

எண்ணையே நேராக ஒப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்கலாம். அச்சிடப் பெயர் எப்படியும் வேண்டும், அதையே ஒப்பிட்டுவிடலாம் என்ற சோம்பல்தான் காரணம்.

விஷயம் இதுதான்: இந்தச் சேவையிடம் இருப்பது ஒரே ஒரு சிலேட்டு. கேட்ட பதிலை அதில் எழுதி ‘இங்கே பார்’ என்று காட்டும். அடுத்த கேள்வி வந்தால் அதே சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதும். என்னிடம் இருந்த இரண்டு பாயிண்டரும் அந்த ஒரே சிலேட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. ஒரு பொருளை அதோடேயே ஒப்பிட்டு, சமம் சமம் என்று மூன்று மாதம் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

லினக்ஸ் கையேட்டில், அதாவது மேன் பக்கத்தில், இது தெளிவாகவே இருக்கிறது: திரும்பி வருவது லைப்ரரியே நிலையாக வைத்திருக்கும் ஸ்டாட்டிக் இடத்தைக் காட்டும் பாயிண்டர், அடுத்து இந்தக் குடும்பத்தில் யாரைக் கூப்பிட்டாலும் அது அழியலாம், அதை ஃப்ரீயும் செய்யக் கூடாது. படிக்காதது என் தவறு. அதனால் இதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. யூனிக்ஸ் ஏழாம் பதிப்பு வெளிவந்த 1979-இலிருந்து இருக்கும் ஃபங்ஷன்கள் இவை. த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலை) என்ற பேச்சே இல்லாத காலத்தில் ஒரு சிலேட்டு போதுமானதாகத்தான் இருந்திருக்கும். இன்றைக்கும், ஒரு கேள்வி கேட்டு, பதிலை உடனே அச்சிட்டுவிட்டு நகர்கிற புரோகிராமுக்கு அது போதும். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர்தான் மாட்டிக்கொள்வார். தேவையானதை ஸ்டர்டப் போட்டு நகல் எடுத்துக்கொண்டால் தப்பித்தோம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சியில் கெட்ஜிஆர்ஜிஐடிக்கு ஒரு சிலேட்டு, கெட்ஜிஆர்நேமுக்கு இன்னொரு சிலேட்டு. எனவே எண்ணால் ஒன்று, பெயரால் ஒன்று என்று கேட்டிருந்தால் என் புரோகிராம் சரியாகவே ஓடியிருக்கும். ஆனால் யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொதுத் தரமான பாசிக்ஸ் அப்படி எந்த உறுதியும் தரவில்லை. வேறொரு சிஸ்டத்துக்கு எடுத்துப்போன அன்றைக்குத்தான் குட்டு வெளிப்பட்டிருக்கும். என் தவறு இங்கேயே பிடிபட்டது ஒருவகையில் நல்லதுதான்.

சரி, இந்தக் குடும்பம் என்னதான் தருகிறது? அடிப்படையில் /இடிசி/குரூப் கோப்பின் ஒரு வரியை. நான்கு புலம், நடுவே கோலன்: பெயர், பாஸ்வேர்டு, எண், உறுப்பினர் பட்டியல். பட்டியலுக்குள் பெயர்களைக் கமா பிரிக்கும். பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஓர் எக்ஸ்தான் இருக்கும். உண்மையான சங்கதி /இடிசி/ஜிஷேடோவில். சி பக்கம் இது ஸ்டிரக்ட் குரூப் ஆகிறது: ஜிஆர்_நேம், ஜிஆர்_பாஸ்வேர்டு, ஜிஆர்_ஜிஐடி, ஜிஆர்_மெம். கடைசியில் சொன்னது ஸ்டிரிங்குகளைக் காட்டும் பாயிண்டர்களின் வரிசை, முடிவில் ஒரு ‘நல்’, அதாவது எதையும் காட்டாத வெற்றுப் பாயிண்டர். எண்ணிக்கை தனியாகத் தருவதில்லை. நல் வரும்வரை நடந்துபோய் எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். சி பழகியவருக்கு இது புதிதில்லை.

என் முதல் புகார் இந்த ஜிஆர்_மெம் மேல்தான். ‘இந்த குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள்?’ என்ற கேள்விக்கு இதில் பதில் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். இருப்பது பாதிப் பதில். ஒவ்வொரு யூசருக்கும் ஒரு முதன்மை குரூப் உண்டு. அது /இடிசி/பாஸ்வேர்டு கோப்பின் நான்காவது புலத்தில், எண்ணாக இருக்கும். அப்படி முதன்மையாகச் சேர்ந்தவரின் பெயர் குரூப் கோப்பின் பட்டியலில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை, வழக்கமாக இருப்பதுமில்லை. உதாரணத்துக்கு, ஆடிட் என்று ஒரு குரூப். எண் 1042, உறுப்பினர் பட்டியலில் பேக்கப், வெப் என்று இரண்டே பெயர். ஆனால் பாஸ்வேர்டு கோப்பில் 1042-ஐ முதன்மையாகக் கொண்டவர்கள் இன்னும் ஐந்து பேர். ஜிஆர்_மெம்மை மட்டும் அச்சிட்டால் இரண்டு பேர்தான் தெரிவார்கள். அந்த ஐந்து பேரும் ஆடிட் கோப்புகளைத் தாராளமாகத் திறந்துகொண்டிருப்பார்கள், உங்கள் ரிப்போர்ட்டில் அவர்களின் தடமே இருக்காது. பாதுகாப்புக்காக எழுதும் கருவியில் இதைவிட மோசமான பிழை உண்டா? முழுப் பட்டியல் வேண்டுமென்றால் பாஸ்வேர்டு பக்கத்தையும் கெட்பிடபிள்யூஎன்ட் போட்டு ஒரு சுற்று சுற்றி, எண் பொருந்துகிறவர்களைச் சேர்க்க வேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன். ஒரே கூப்பிடலில் இதைச் செய்து தரும் ஆள் இந்தக் குடும்பத்தில் இல்லை.

கேள்வியைத் திருப்பிப் போட்டால், அதாவது ‘இந்த யூசர் எந்தெந்த குரூப்பில் இருக்கிறார்?’ என்றால், ஒருவர் இருக்கிறார்: கெட்குரூப்லிஸ்ட். யூசர் பெயரையும் முதன்மை குரூப் எண்ணையும் கொடுத்தால், எல்லா எண்களையும் ஒரு அரேயில் நிரப்பித் தரும். கொடுத்த முதன்மை எண்ணையும் சேர்த்துக்கொள்ளும். இடம் போதவில்லை என்றால் மைனஸ் ஒன்று சொல்லும், கூடவே எத்தனை இடம் வேண்டும் என்பதையும், அரேயின் அளவை நாம் கொடுத்த அதே வேரியபிளில் எழுதிவிடும். அதைப் பார்த்து அரேயைப் பெரிதாக்கி இன்னொரு முறை கூப்பிட்டால் முடிந்தது. மரியாதை தெரிந்த ஃபங்ஷன். இது பாசிக்ஸில் இல்லை என்பதும், மேக்கில் குரூப் எண்ணுக்குரிய டைப்பான ஜிஐடி_டி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இன்ட் கேட்கும் என்பதும்தான் குறை.

இதை கெட்குரூப்ஸோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பெயர் அண்ணன் தம்பி போல இருக்கும், வேலை வேறு. கெட்குரூப்லிஸ்ட் டேட்டாபேஸைக் கேட்கிறது. கெட்குரூப்ஸ் சிஸ்டத்தின் மையமான கர்னலைக் கேட்கிறது: இப்போது ஓடிக்கொண்டிருக்கும் இந்தப் பிராசஸின் கூடுதல் குரூப்கள் எவை என்று. இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது ஒரு மாலையில். ஒரு நண்பரை, யூசர் அமைப்பை மாற்றும் யூசர்மாடு கட்டளையில் மைனஸ் சின்ன ஏ, பெரிய ஜி போட்டு ஆடிட் குரூப்பில் சேர்த்தேன். என் கருவியை ஓட்டிப் பார்த்தேன், ‘இருக்கிறார்’ என்றது. அவரோ கோப்பைத் திறந்தால் ‘பெர்மிஷன் டினைடு’ வருகிறது என்கிறார். இருவரும் மாறி மாறி அரை மணி நேரம் வாதாடினோம். இருவர் சொன்னதும் உண்மைதான். கர்னல் /இடிசி/குரூப்பைத் திறந்து பார்ப்பதே கிடையாது. லாகின் செய்யும்போது அந்த நேரத்துப் பட்டியலைப் பிராசஸின் மேல் ஒட்டிவிடுவார்கள்; அதிலிருந்து பிறக்கும் பிராசஸ்கள் எல்லாம் அந்தப் பட்டியலையே சுமந்து திரியும். அவர் வெளியே போய்விட்டு மறுபடி லாகின் செய்ததும் கோப்பு திறந்தது. போகிற போக்கில் ஒன்று: அந்த யூசர்மாடில் சின்ன ஏ-வை மறந்தால், அவர் அதுவரை இருந்த மற்ற கூடுதல் குரூப்களிலிருந்தெல்லாம் வெளியே வந்துவிடுவார். அதை மறந்த கதை வேறு, இங்கே வேண்டாம்.

‘இத்தனை தலைவலி எதற்கு, கோப்பை எஃப்ஓப்பன் போட்டுத் திறந்து, கோலன் கோலனாகப் பிரித்துவிட வேண்டியதுதானே?’ என்று ஒரு சக ஊழியர் கேட்டார். நானும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தேன். பிரச்சினை என்னவென்றால், டேட்டாபேஸ் வேறு, கோப்பு வேறு. /இடிசி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில் குரூப் என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். ‘முதலில் கோப்பைப் பார், அங்கே கிடைக்காவிட்டால் எஸ்எஸ்எஸ்டியைக் கேள்’ என்கிற மாதிரியான வரிசை அது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் என்எஸ்எஸ். எஸ்எஸ்எஸ்டி என்பது வெளியே கேட்டு வாங்கித் தரும் சேவை; அதற்குப் பின்னால் எங்கோ, பல மெஷின்களுக்கும் பொதுவாக யூசர், குரூப் விவரங்களை வைத்திருக்கும் ஓர் எல்டாப் சர்வர் இருக்கலாம். ஜிஆர்பி.ஹெச் குடும்பம் இந்த வரிசைப்படிதான் தேடிக்கொண்டு வரும். கோப்பை நீங்களே திறந்தால் அந்த மெஷினில் உள்ளூராக இருக்கும் குரூப்கள் மட்டும் கிடைக்கும். எல்டாப்பில் இருப்பவை உங்களைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. இந்தச் சேவையின் ஆகப் பெரிய பலம் இதுதான். ஒரு வரிகூட மாற்றாமல் என் கருவி எல்டாப் இருக்கும் இடத்திலும் ஓடியது.

அந்தப் பலத்திலேயே இரண்டாவது புகாரும் இருக்கிறது. எல்லா குரூப்பையும் வரிசையாகப் படிக்க ஒரு மூவர் அணி உண்டு: செட்ஜிஆர்என்ட் முதலுக்குக் கொண்டுபோகும், கெட்ஜிஆர்என்ட் ஒவ்வொன்றாகத் தரும், எண்ட்ஜிஆர்என்ட் மூடும். லூப் எழுதுவது சுலபம், நல் வந்தால் நிறுத்து. எழுதினேன், ஓட்டினேன், நாற்பத்துச் சொச்சம் குரூப் வந்தது. ஆனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு எல்டாப் குரூப் அதில் இல்லை. அதே குரூப்பைப் பெயர் சொல்லி கெட்ஜிஆர்நேமில் கேட்டால் டக்கென்று வருகிறது! கண்ணில் படுகிற ஆள் வருகைப் பதிவேட்டில் மட்டும் இல்லை. காரணம், எஸ்எஸ்எஸ்டி முழுப் பட்டியலைத் தரும் வசதியை ஆரம்ப அமைப்பிலேயே அணைத்துத்தான் வைத்திருக்கிறது. பெரிய எல்டாப்பில் யாராவது ‘எல்லாவற்றையும் கொடு’ என்று கேட்டுக்கொண்டே இருந்தால் சர்வர் திணறும், அதனால். நியாயமான முடிவுதான். ஆனால் கெட்ஜிஆர்என்ட் ‘நான் கொடுத்தது முழுப் பட்டியல் இல்லை’ என்று ஒரு குறிப்பும் காட்டுவதில்லை. முடிந்தது என்று நல் தருகிறது, நாமும் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அன்றிலிருந்து அந்த லூப்பை எந்த முடிவுக்கும் ஆதாரமாக எடுப்பதில்லை. கோப்புகளில் கண்ணில் படும் எண்களைச் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கிறேன்.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள சி எழுத வேண்டியதில்லை. ஷெல்லில் கெட்என்ட் குரூப் என்று அடித்தால் இதே வழியில் போய் இதே பட்டியலைக் காட்டும். பின்னால் ஒரு பெயரைச் சேர்த்தால் அந்த ஒன்றை மட்டும் தேடும். கருவியில் எதாவது விநோதமாகத் தெரிந்தால் முதலில் அங்கேதான் போவேன். கெட்என்டும் அதையே சொன்னால் பிழை என் புரோகிராமில் இல்லை என்று நிம்மதி.

அண்டர்ஸ்கோர் ஆர் சேர்ந்த பதிப்புகளுக்கு வருவோம். கெட்ஜிஆர்ஜிஐடி_ஆர், கெட்ஜிஆர்நேம்_ஆர். சிலேட்டுத் தொல்லைக்கு மருந்து இவைதான். சிலேட்டை நாமே கொண்டுபோகிறோம். ஐந்து ஆர்கியூமென்ட்: எண், நம் ஸ்டிரக்ட், நம் பஃபர் (பதிலின் எழுத்துகளை வைக்கும் இடம்), அதன் அளவு, கடைசியில் பதில் பாயிண்டரை எழுத ஓர் இடம். முதல் தடவை பார்த்தபோது, ஒரு பெயரைக் கேட்க இவ்வளவு விண்ணப்பப் படிவமா என்றுதான் தோன்றியது.

பஃபர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? சிஸ்டத்தின் வரம்புகளைச் சொல்லும் சிஸ்கான்ஃபைக் கேட்டால் ஜிலிப்சியில் 1024 என்று வரும். அதற்குக் கொடுக்கும் மாறிலியின் பெயரில் ‘மேக்ஸ்’ என்று இருக்கிறதே, அதிகபட்சம் அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அது வெறும் தொடக்க யோசனை. சில சிஸ்டங்களில் மைனஸ் ஒன்றுகூட வரும். அதை அப்படியே மெமரி ஒதுக்கும் மேலாக்கில் போட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கணக்கைப் பாருங்கள்: 400 பேர் உள்ள குரூப், ஒவ்வொரு பெயரும் 9 எழுத்து. பெயர்களுக்கு மட்டும், முடிவுக் குறியோடு, 4000 பைட். அவற்றைக் காட்டும் பாயிண்டர்கள் 401, 64 பிட் மெஷினில் தலா 8 பைட், ஆக 3208. இரண்டும் சேர்ந்து 7208. இவை எல்லாமே அந்த ஒரே பஃபருக்குள்தான் அடைய வேண்டும். 1024-இல் தொடங்கினால் ஈரேஞ்ச், அதாவது இடம் போதவில்லை என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்பும். 2048, அதுவும் போதாது. 4096, போதாது. 8192-இல் போய் நிற்கும். எனவே ஈரேஞ்ச் வருவது நிற்கும்வரை இரட்டிப்பாக்கும் ஒரு லூப் கட்டாயம் வேண்டும். சின்ன குரூப்பில் சோதித்துவிட்டு லூப்பை விட்டுவிட்டால், குரூப் வளர்ந்த பிறகு ஒரு நாள் அது ‘காணாமல்’ போகும்.

இன்னொரு பொறி திரும்பி வரும் மதிப்பில். கிடைத்தாலும் பூஜ்யம், கிடைக்காவிட்டாலும் பூஜ்யம்! வித்தியாசம் கடைசி ஆர்கியூமென்டில்தான்: கிடைத்திருந்தால் நம் ஸ்டிரக்டின் முகவரி, இல்லையென்றால் நல். பிழை ஏற்பட்டால் மட்டும் பிழை எண்ணே திரும்பி வரும். கடைசிப் பிழையின் எண் வழக்கமாக இருக்கும் எர்னோ வேரியபிளைப் பார்க்கத் தேவையில்லை. பழகிவிட்டால் இது தெளிவான ஏற்பாடு என்று ஒப்புக்கொள்கிறேன். பழைய கெட்ஜிஆர்நேமோடு ஒப்பிட்டால் சொர்க்கம். அங்கே நல் வந்தால் ‘இல்லை’ என்றும் இருக்கலாம், ‘தேட முடியவில்லை’ என்றும் இருக்கலாம். முன்கூட்டியே எர்னோவைப் பூஜ்யமாக்கி வைத்து, பிறகு பார்க்கச் சொல்கிறது மேன் பக்கம். அதே பக்கத்தில், கிடைக்காதபோது எர்னோ என்னவாக இருக்கும் என்று ஒரு வரி: பூஜ்யம் அல்லது ஈநோஎன்ட் அல்லது ஈஎஸ்ஆர்சிஎச் அல்லது ஈபேட்எஃப் அல்லது ஈபெர்ம், அதற்குப் பிறகு மூன்று புள்ளி. ‘எது வேண்டுமானாலும் வரலாம்’ என்பதை இவ்வளவு நாசூக்காகச் சொன்ன ஆவணத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

பஃபரை ஃப்ரீ செய்துவிட்டு ஸ்டிரக்டை மட்டும் திருப்பிக் கொடுக்கும் ஃபங்ஷன் ஒன்றையும் எழுதிப் பார்த்திருக்கிறேன். பெயர் இருந்த இடத்தில் குப்பை அச்சானது. மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் வால்கிரைண்ட் காட்டிக்கொடுத்தது. ஸ்டிரக்ட் வெறும் கூடு. உள்ளே இருப்பதெல்லாம் பஃபரில் என்று கைப்பட எழுதி மானிட்டரில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. எண்ணுக்குப் பெயரே இல்லாமல் இருக்கலாம்: குரூப்பை நீக்கிய பிறகும் கோப்பின் மேல் எண் மட்டும் தங்கியிருக்கும். நல்லைச் சோதிக்காமல் ஜிஆர்_நேமைத் தொட்டால் புரோகிராம் அங்கேயே விழும். எல்எஸ் அப்படிப்பட்ட இடத்தில் எண்ணை அச்சிடுகிறது, நாமும் அதையே செய்யலாம். ஸ்டாட்டிக் லிங்க் செய்தால் ஜிலிப்சி ஒரு எச்சரிக்கை தரும், ஓடும்போது அதே பதிப்பின் ஷேர்டு லைப்ரரிகள் வேண்டும் என்று. அதை அலட்சியம் செய்ய வேண்டாம். இன்னொரு சி லைப்ரரியான மசலில் என்எஸ்எஸ் ஏற்பாடே இல்லை, எனவே அங்கே தொகுத்த பைனரியிடம் எஸ்எஸ்எஸ்டி குரூப்களை எதிர்பார்க்காதீர்கள். கெட்ஜிஆர்என்ட்_ஆர் என்றும் ஒன்று உண்டு, ஆனால் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: பஃபர் நம்முடையது, ‘எந்த வரி வரை படித்தோம்’ என்ற விரல் மட்டும் எல்லா த்ரெடுக்கும் பொது. இரண்டு த்ரெட் சேர்ந்து படித்தால் ஆளுக்குப் பாதி கிடைக்கும்.

எனக்குப் பிடித்தவர் யாரும் அதிகம் பேசாத எஃப்கெட்ஜிஆர்என்ட். திறந்து வைத்த எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் குரூப் கோப்பாகப் பாவித்து, வரி வரியாக ஸ்டிரக்ட் ஆக்கித் தரும். என்எஸ்எஸ் இல்லை, எல்டாப் இல்லை. பேக்கப்பில் இருக்கும் பழைய குரூப் கோப்பை இன்றைய நிலையோடு ஒப்பிட, சோதனைக்காகப் பொய்யாக ஒரு கோப்பு தயாரித்துப் படிக்க, இதைவிட வசதி கிடையாது. இதுவும் பாசிக்ஸில் இல்லை, இதற்கும் சிலேட்டு ஒன்றுதான். பரவாயில்லை.

ஐந்துக்கு மூன்றரை. என்எஸ்எஸ் வழியாகத் தேடும் திறமைக்கும் கெட்குரூப்லிஸ்டுக்கும் முழு மதிப்பெண். ஜிஆர்_மெம்மின் பாதிப் பதிலுக்கும், கெட்ஜிஆர்என்டின் மௌனத்துக்கும் சேர்த்து ஒன்றரை குறைத்தேன். புதிதாக எழுதுகிறவர்கள் நேராக அண்டர்ஸ்கோர் ஆர் பதிப்புக்கே போய்விடுங்கள். இரட்டிப்பு லூப்பை ஒரு தடவை ஒழுங்காக எழுதி ஒரு ஃபங்ஷனுக்குள் பூட்டிவிட்டால் அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

என் கருவியையும் அப்படியே மாற்றினேன். ஒப்பிடுவது இப்போது எண்ணை எண்ணோடு. பெயர் அச்சுக்கு மட்டும். மூன்று மாதத்தில் முதல் தடவையாக ரிப்போர்ட்டில் வரிகள் வந்தன, பதினொன்று. முதல் வரியில் இருந்தது என்னுடைய டைரக்டரி. எப்போதோ வேறு இடத்திலிருந்து எம்வி போட்டுக் கொண்டுவந்தது, பழைய குரூப்பையே வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தது.